ஒரு பொட்டி... ஒரு பொண்ணு... ஒரு புது சவுண்டு!

ஈ.சி.ஆரில் திருவிடந்தையைத் தாண்டிப் போகிற காலேஜ் பஸ் ஆட்களுக்கு ரெண்டு சத்தம் ரொம்பப் பழக்கம். ஒண்ணு, ஹெட்போனில் ‘டம் டம்’மென்று ஓடும் எலெக்ட்ரானிக் பீட். இன்னொண்ணு, ஜன்னல் வழியா வர்ற மேளச் சத்தம். நித்ய கல்யாணப் பெருமாள் ஊராச்சே... மாலையும் கழுத்துமா வேண்டுதல்காரங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. மேளத்துக்கு என்ன பஞ்சம்!

நமக்கு இந்த ரெண்டு சத்தமும் ரெண்டு உலகம். ஒண்ணு ‘கெத்து’, இன்னொண்ணு ‘லோக்கல்’. ‘அட, ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்!’ என்று உலகத்துக்கே போட்டுக் காட்டியவர் ஒரு ஈழத் தமிழ்ப் பெண். பாட்டு கிளாஸ் போனதில்லை. கீபோர்டு வாசிக்கத் தெரியாது. கையில் இருந்தது கடன் வாங்கின ஒரு பீட் பொட்டி மட்டும்தான்.

பேர்: மாதங்கி அருள்பிரகாசம். செல்லமா மாயா. உலகத்துக்கு எம்.ஐ.ஏ.!

லண்டன் – யாழ்ப்பாணம் – சென்னை – லண்டன்

1975 ஜூலை 18, லண்டனில் பிறந்தார் மாயா. ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குக் குடிபோனது. அப்பா அருள்பிரகாசம், ஈழ விடுதலை இயக்கங்களில் ஒன்றான ஈரோஸை உருவாக்கியவர்களில் ஒருவர். ‘அருளர்’ என்பது அவருடைய இயக்கப் பேர். அப்பா வீட்டில் இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. அம்மா கலா, தையல் மெஷினை நம்பியே பிள்ளைகளை வளர்த்தார்.

போர் முற்ற முற்ற, இடம் மாறிக்கிட்டே இருந்தது குடும்பம். நடுவில் கொஞ்ச காலம் நம்ம சென்னையிலும் இருந்திருக்கிறார்கள். மறுபடி யாழ்ப்பாணம். 1986-ல் அகதிகளாக லண்டன். அப்போ மாயாவுக்கு வயசு 11 ஆகப்போகுது. மிட்சம் பகுதியில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் வாழ்க்கை. இங்கிலீஷே அங்கே போய்த்தான் கத்துக்கிட்டார்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே ரேடியோ திருடு போயிடுச்சு. பாட்டு கேட்க வழியில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்த ஹிப்-ஹாப்தான் அதுக்கப்புறம் அவருக்கு ரேடியோ. வார்த்தை முழுசாப் புரியாத வயசில் தாளம் புரிஞ்சிருச்சு!

அப்புறம் லண்டனின் பேர்போன சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் ஆர்ட் காலேஜ். படிச்சது சினிமாவும் ஓவியமும். இசை இல்லை. கவனிங்க... இந்தக் கதையில் இதுவரைக்கும் ஒரு ‘ஸரிகம’கூட வரலை!

பொட்டி வந்த கதை

‘எலாஸ்டிகா’ என்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டின் தலைவி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன், மாயாவுக்குத் தோழி. 2000-ல் வந்த எலாஸ்டிகா ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தது மாயாதான். பேண்டின் டூரில் கேமராவைத் தூக்கிக்கிட்டு வீடியோ எடுக்கவும் போனார்.

அந்த டூரில் முன்னாடி மேடையேறியவர் பீச்சஸ் என்கிற கனடா பாடகி. பின்னாடி பேண்ட் கிடையாது, கிட்டார் பட்டாளம் கிடையாது. ஒரு பொட்டியை ஆன் பண்ணிவிட்டு, தனி ஆளா நின்னு அதகளம் பண்ணுவார். அந்தப் பொட்டியின் பேர் ரோலண்ட் எம்.சி-505. ‘நீயும் செஞ்சு பாரேன்’ என்று மாயாவைத் தூண்டிவிட்டவர் அவர்தான்.

ஜஸ்டினிடம் ஒரு 505 இருந்தது. கடன் வாங்கினார் மாயா. கூட ஒரு பழைய நாலு டிராக் டேப் ரெக்கார்டர், ஒரு மைக். அவ்வளவுதான் மொத்த ஸ்டூடியோ! அதை வெச்சு ஆறு பாட்டு டெமோ டேப் ரெடி. அதில் ஒன்று ‘கலாங்’.

பொட்டிக்குள்ள என்ன இருக்கு?

நம்ம ஏரியா வந்திருச்சு... டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ரிங் கவுன்ட்டர் போட்டது ஞாபகம் இருக்கா? க்ளாக் பல்ஸ் வர வர, ஒரே ஒரு எல்.இ.டி. வெளிச்சம் வரிசையா நகர்ந்து, கடைசிக்குப் போய், திரும்ப முதல் இடத்துக்கே வரும். வைவாவில் கேட்டால் முழிப்போம், அது வேற விஷயம். 505-ல் பீட் போடுவதும் கிட்டத்தட்ட அதே ஐடியாதான்!

1998-ல் ரோலண்ட் விட்ட மெஷின் இது. ‘க்ரூவ்பாக்ஸ்’ என்பார்கள். முன்னாடி வரிசையா 16 பட்டன். ஒவ்வொன்றும் தாளத்தில் ஒரு இடம். எந்த இடத்தில் ‘டம்’ வேணுமோ அந்தப் பட்டனை அமுக்கு, விளக்கு எரியும். எந்த இடத்தில் ‘டக்’ வேணுமோ அதை அமுக்கு. ப்ளே பண்ணினால் 16-ம் சுற்றிச் சுற்றி வந்துக்கிட்டே இருக்கும். க்ளாக் வேகம்தான் டெம்போ. நிமிஷத்துக்கு 120 அடி என்று வெச்சால், நாலு அடிகொண்ட ஒரு சுற்றுக்கு 2 செகண்ட். ஒரு பட்டனுக்கு 0.125 செகண்ட். கணக்கு முடிஞ்சது!

இதில் பெரிய விஷயம் என்னன்னா, கை வேகம் வேண்டாம். விரல் பயிற்சி வேண்டாம். எந்த இடத்தில் சத்தம், எந்த இடத்தில் மௌனம் என்கிற முடிவு மட்டும் போதும். ஆனா அந்த முடிவை எடுக்கத்தான் காது வேணும், தைரியம் வேணும்.

மாயாவின் ஸ்டைல் பிறந்ததே இந்தக் கட்டுப்பாட்டில்தான். ராகம் இழுத்துப் பாட வராதா? சரி, குரலையும் ஒரு தாளக் கருவியா ஆக்கிடு. வார்த்தைகளைச் சின்னச் சின்னதா வெட்டி, சின்னப் பசங்க விளையாட்டுப் பாட்டு மாதிரி திரும்பத் திரும்ப அடி. பத்து வாத்தியம் சேர்க்க வசதி இல்லையா? சேர்க்காதே. டிரம், கரகரப்பான ஒரு சிந்த் சவுண்டு, நடுவில் நிறைய காலி இடம். அந்தக் காலி இடமே காதைப் பிடிச்சு இழுக்கும். மொழியோ லண்டன் தெருப் பேச்சு, ஜமைக்கா கொச்சை, நடுநடுவே தமிழ் வாடை. ‘இது எந்த ஊர்ப் பாட்டு?’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. பாடுகிறவரும் ஒரு ஊர்க்காரர் இல்லையே!

500 காப்பி

2003-ல் ‘ஷோபிஸ்’ என்கிற குட்டி லேபிள் ‘கலாங்’ பாட்டை ரெக்கார்டாகப் போட்டது. எத்தனை காப்பி? வெறும் 500! ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் ஒரு பேட்ச்சுக்குக்கூடப் பத்தாது. ஆனா கிளப் டீஜேக்கள் கையில் கிடைச்சு, அங்கிருந்து நெட்டில் பரவி, 2004-ல் ‘எக்ஸ்.எல்.’ ரெக்கார்ட்ஸ் மாயாவை ஒப்பந்தம் செய்தது.

2005-ல் முதல் ஆல்பம். பேர், அப்பாவின் இயக்கப் பேர்: ‘அருளர்’. பேரை மாத்தச் சொல்லி அப்பாவிடமிருந்தே மெயில் வந்ததாம். மாத்தலை பொண்ணு. பிரிட்டனின் கௌரவமான மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அந்த வருஷமே இடம்பிடித்தது ஆல்பம்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான டிஸ்க்ளெய்மர். ‘இண்டி’ என்று சொல்லிக்கொண்டு கடைசிவரை தனியாகவே நின்றவர் இல்லை மாயா. பெரிய லேபிள்கள் பின்னாடி வந்தன, பெரிய தயாரிப்பாளர்கள் கூட வேலை செய்தார்கள். ஆனா ‘தன் கையே தனக்கு உதவி’ என்கிற பழக்கத்தை விடவே இல்லை. ‘அருளர்’ அட்டையில் இருக்கும் டாங்கிகள், துப்பாக்கிகள் எல்லாம் அவருடைய ஸ்டென்சில் ஓவிய பாணி. வீடியோ சிலவற்றை அவரே இயக்கினார். 2010 டிசம்பர் 31 அன்று ‘விக்கி லீக்ஸ்’ என்று ஒரு முழு மிக்ஸ்டேப்பை நெட்டில் இலவசமாவே விட்டார். ஸ்டார் ஆன பிறகும் ஹாஸ்டல் ரூம் புத்தி!

கோடம்பாக்கத்தில் உறுமல்

2006-ல் ரெண்டாவது ஆல்பத்துக்காக அமெரிக்காவில் உட்கார்ந்து வேலை செய்ய நினைத்தார். விசா சிக்கல். ‘உள்ளே விட மாட்டேன்னா போங்க, உலகமே இருக்கு’ என்று கிளம்பிவிட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா... போன இடத்தில் எல்லாம் ரெக்கார்டிங்.

அதில் நமக்கு முக்கியமான ஸ்டாப், சென்னை. ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்தக் கொடுத்தார். ஹாலிவுட் ஸ்டைலில் வயலின் பட்டாளத்தைக் கூப்பிட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீங்க? மாயா கூப்பிட்டது உறுமி மேளக்காரர்களை!

உறுமி தெரியுமில்ல? ரெண்டு பக்கமும் தோல், நடுவில் இடுப்பு ஒடுங்கின மேளம். ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால் அடிக்க மாட்டார்கள், தேய்ப்பார்கள். அப்போ ‘உர்ர்ர்’ என்று ஒரு உறுமல் கிளம்பும் பாருங்க... அதனால்தான் அந்தப் பேர். 505-ன் 16 பட்டனில் எதை அமுக்கினாலும் அந்தச் சத்தம் வராது. பட்டன் என்றால் ஒரு புள்ளியில் ஆரம்பிச்சு நிற்கும். உறுமியோ ஒரு பட்டனிலிருந்து இன்னொரு பட்டனுக்கு வழுக்கிக்கிட்டே போகும். வாசிக்கிறவர் கை ஒரு நூல் முந்தும், ஒரு நூல் பிந்தும். மெஷினுக்குத் தெரியாத அந்தக் கணக்குதான் ஆட வைக்கும் கணக்கு.

அந்தச் சத்தத்தை எடுத்து, வெட்டி, ஒட்டி, எலெக்ட்ரானிக் பாஸ் மேலே ஏத்தினால் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’. 2007-ல் வந்த அந்த ஆல்பத்துக்குப் பேர், அம்மா பேர்: ‘கலா’. அதில் முதல் பாட்டைப் போட்டதும் தமிழ்க் காது நிமிரும். ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ அதில் வெட்டிக் கோத்திருக்கு! ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்தின் ‘ஜிம்மி’யும் இருக்கு. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2007-ன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

விசா எரிச்சலையும் வீணாக்கலை. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ என்று பாட்டாவே போட்டார். வெளிநாட்டிலிருந்து வர்றவன்னாலே சந்தேகமா பார்க்கிற பார்வையை, துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டி ‘க்ளிங்’ சத்தத்தையுமே கோரஸா வெச்சுக் கிண்டலடிச்ச பாட்டு. 2008-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4-வது இடம். எந்த நாடு உள்ளே விட யோசிச்சதோ, அந்த நாட்டு ரேடியோ முழுக்க இவர் குரல்! 2009-ல் ரஹ்மானோடு சேர்ந்து செய்த ‘ஓ சாயா’வுக்கு ஆஸ்கர் நாமினேஷன். அதே வருஷம் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது, கிடைத்த அமெரிக்க டி.வி. மைக்கில் எல்லாம் அங்கே சாகும் தமிழ் மக்களைப் பற்றிப் பேசினார். புலிகளுக்கு ஆதரவாளர் என்று விமர்சனம் வந்தது. அவர் பேசுவதை நிறுத்தலை.

யாரு போட்ட பீட்டு?

இப்போ விஷயத்துக்கு வருவோம். ‘அருளர்’ வெளிவந்த சமயம், அமெரிக்க டீஜேயும் தயாரிப்பாளருமான டிப்ளோவின் பேர் மாயாவின் பேரோடு சேர்ந்தே அடிபட்டது. மாயாவின் சவுண்டை உருவாக்கியதே அவர்தான் என்கிற மாதிரி எழுத்துகள். நிஜம் என்ன? ஆல்பத்தில் டிப்ளோ தயாரித்தது ‘பக்கி டன் கன்’ என்கிற ஒரே பாட்டு. பெரும்பகுதி வேலை முடிந்த பிறகுதான் ரெண்டு பேரும் சந்தித்ததே! 2007-ல் ஒரு பேட்டியில் மாயா இதைச் சொல்லிக் கொதித்திருக்கிறார். ஒரு பொண்ணு தனக்கான சவுண்டைத் தானே கண்டுபிடிச்சிருப்பாள் என்று நம்ப ஏன் இத்தனை கஷ்டம் என்பதுதான் அவர் கோபத்தின் சாரம்.

‘அது ஏதோ வெள்ளைக்கார ஊர்ப் பிரச்னை’ என்று தள்ளிடாதீங்க. எங்க பேட்ச்சில் ஒருத்தி. ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு எங்க டான்ஸ் டீமுக்காக ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மிக்ஸ் போட்டாள். பறை சாம்பிள் தேடிப் பிடிச்சது, பாஸ் ஏத்தினது, ஒவ்வொரு கட்டும் அவள் வேலை. மேடையில் ‘மியூசிக் பை’ என்று அறிவிச்ச பேர், அவளுக்கு லேப்டாப் கடன் கொடுத்த சீனியர் அண்ணனுடையது! பாவம், அவருக்கே ஆச்சர்யம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ‘கலாங்’ பாட்டு 505 கடன் கொடுத்த ஜஸ்டினுக்குத்தான் சேரணும்.

ஆனா இதே கேள்வியை மாயா பக்கமும் திருப்பிப் போட்டாகணும். ‘பேர்ட் ஃப்ளூ’வைக் கேட்டு ஆடின லட்சக்கணக்கான பேரில், அந்த உறுமியைத் தேய்ச்ச கை யாருடையதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டுக்கு முதுகெலும்பே அந்தச் சத்தம்தான். பத்திரிகைகள் அதை ‘இந்திய டிரம்ஸ்’ என்று ரெண்டே வார்த்தையில் தாண்டிப் போயிடும். மாயாவின் பேரை மறைத்த அதே பழக்கம்தான் மேளக்காரர் பேரையும் மறைக்குது. மேலே இருக்கிறவங்க செய்தால் கோபம் வருது. நாம கீழே பார்த்துச் செய்யும்போது கண்ணுக்கே தெரியறதில்லை.

மாயா சொன்னதெல்லாம் வேதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிடணும். கொரோனா தடுப்பூசிக்கு எதிரா அவர் பேசினதை ஏத்துக்கவே முடியாது. பாட்டைக் கேட்க, ஆளை முழுசா கும்பிடணும்னு அவசியம் இல்லையே!

நம்ம பக்கம் என்ன?

ரஹ்மான் ஸ்டூடியோ இருக்கும் கோடம்பாக்கத்துக்கும் திருவிடந்தைக்கும் தூரம் சுமார் 40 கிலோமீட்டர். இந்தக் கடற்கரை முழுக்க சவுண்டு கொட்டிக் கிடக்கு. கோயில் வாசல் நாதஸ்வரம், தவில். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்துறப்போ பம்பை, உடுக்கை. கோவளம் பக்கம் போட் மோட்டார் சத்தம், மீன் ஏலம் விடுற குரல்.

மாயாவிடம் இருந்ததைவிட நம்மகிட்ட இப்போ வசதி ஜாஸ்தி. 505-ன் 16 பட்டன், லேப்டாப்பில் எஃப்.எல். ஸ்டூடியோவைத் திறந்தாலே வரிசையா நிற்குது. லேப்டாப் இல்லையா, ‘பேண்ட்லேப்’ ஆப் போனிலேயே இலவசம். ஆனா நாம என்ன பண்றோம்? இன்ஸ்டாலேஷன் முடிஞ்ச கையோடு ‘டிரம் கிட் டவுன்லோடு’ என்று தேடி, எவனோ ஒருத்தன் அட்லாண்டாவில் செய்த ‘டக் டக்’கைப் போட்டு, ‘மச்சி, செம ப்ரொஃபஷனலா இருக்குல்ல?’ என்று கேட்கிறோம். இருக்கு. உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆயிரம் பாட்டு மாதிரியே இருக்கு!

அதனால ஒரு சின்ன ஹோம்வொர்க். இந்த செமஸ்டர் லீவில் ஒரே ஒரு பாட்டு. 16 கட்டத்துக்கு மேல் பேட்டர்ன் கிடையாது, நாலு சத்தத்துக்கு மேல் அனுமதி கிடையாது. அதில் ஒண்ணாவது உங்க ஊரில் உங்க போனில் பதிவு பண்ணினதா இருக்கணும். மேளக்காரர்கிட்டே போனால், முதலில் அனுமதி கேளுங்க. ‘என்ன வாத்தியம்ண்ணே, யாருகிட்டே கத்துக்கிட்டீங்க?’ என்று விசாரிங்க. முடிஞ்ச காசைக் கொடுங்க. பாட்டை அப்லோடு பண்ணும்போது அவர் பேரை உங்க பேருக்குப் பக்கத்திலேயே அதே சைஸ் எழுத்தில் போடுங்க.

ப்ளேலிஸ்ட் ரெடியா?

* கலாங் (2003) – ஒரு பொட்டியில் எவ்வளவு முடியும்னு தெரிஞ்சுக்க.
* பக்கி டன் கன் (2005) – ‘ராக்கி’ பட டிரம்பெட் பிரேசில் தெருவழியா லண்டன் போய்ச் சேர்ந்த கதை.
* பேர்ட் ஃப்ளூ (2006) – உறுமி. ஸ்பீக்கர் பத்திரம்!
* பம்பூ பங்கா (2007) – ‘காட்டுக்குயிலு’ எங்கே வருதுன்னு கண்டுபிடிங்க.
* பேப்பர் ப்ளேன்ஸ் (2007) – சிரிச்சுக்கிட்டே அடிக்கிறது எப்படின்னு பாடம்.
* பேட் கேர்ள்ஸ் (2012) – வீடியோவோடு பாருங்க. மொராக்கோ பாலைவனத்தில் ரெண்டு சக்கரத்தில் ஓடும் கார்!

2019-ல் பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவித்தது. அப்போ அவர் சொன்ன ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அரண்மனை கொடுக்கும் அந்தப் பதக்கங்களுக்குப் பல வருஷமா கையால் தைத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தவர்களில் ஒருவர், அவருடைய அம்மா கலா! பதக்கத்தைப் போட்டோ எடுக்கிறவங்க தையலைப் பார்க்கிறதில்லை. தைத்தவர் பேரை ஒரு ஆல்பத்துக்கே வெச்சு, உலகத்தையே உச்சரிக்க வெச்சவர் அந்தப் பொண்ணு.

பீட் போட்டவங்க, மேளம் அடிச்சவங்க, தைத்தவங்க... பேரைச் சத்தமா சொல்லுங்க மக்கா! வால்யூம் பட்டன் இருக்கிறதே அதுக்குத்தானே?